ரயில் சலுகைக் குறிப்பேடு: பார்வையற்றவரும் துணைக்கு வருபவரும்

ஆகஸ்ட் 16, 2025, சனி

பார்வை முற்றிலும் இல்லாதவருக்கும் அவருக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் ரயிலின் அடிப்படைக் கட்டணத்தில் வகுப்பைப் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. அதை வாங்குவது பற்றிய குறிப்புகள் இவை. தீபாவளி அக்டோபர் 20, திங்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு முன்பதிவு வரும் 19-ஆம் தேதி காலை 8 மணிக்குத் திறக்கிறது. பயண நாளை விட்டுவிட்டு 60 நாள் என்பது கணக்கு.

இன்று வந்த விசாரிப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: "கன்செஷன் சர்டிபிகேட் இருக்கு, கார்டு இல்லை. ஐஆர்சிடிசியில் போட முடியுமா?" முடியாது. ரயில்வே கோட்ட அலுவலகம் தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் எண் இல்லாமல் இணையத்தில் சலுகை வராது. கையில் சான்று மட்டும் இருந்தால் முன்பதிவு கவுண்ட்டர்தான் வழி. அசலையும் ஒரு ஜெராக்ஸையும் கொண்டுபோக வேண்டும். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கார்டுக்கு விண்ணப்பிக்க இப்போது தனி இணையதளம் இருக்கிறது. சலுகைச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சான்று கொடுத்த மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்த பிறகே கார்டு வரும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்குக் கார்டோடு போகலாம் என்று இப்போது விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டாம். டிக்கெட்டைக் கவுண்ட்டரில் எடுத்துவிடுங்கள், கார்டு பொங்கலுக்கு உதவும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சான்றைப் பற்றி. மாநில அரசின் மாற்றுத்திறனாளி அட்டையோ மத்திய அரசின் யுடிஐடி மாற்றுத்திறனாளி அட்டையோ இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரயில்வேக்கென்று தனிப் படிவம் உண்டு. அதில் அரசு மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும்.

படிவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே வரி: பார்வை முற்றிலும் இல்லாதவர். 40 சதவீதம், 75 சதவீதம் என்று அட்டை வைத்திருக்கும் குறைபார்வைக்காரர்களுக்கு ரயிலில் இந்தச் சலுகை கிடையாது. பேருந்தில் கிடைக்கிறதே என்று கவுண்ட்டரில் வாதாடிப் பயனில்லை. இது நியாயமா என்றால், நியாயமில்லை என்பதுதான் எங்கள் கருத்து. இரவில் நடைமேடைப் பலகையைப் படிக்க முடியாதவருக்கும் துணை தேவைதான். ஆனால் இன்றைய விதி இப்படித்தான் இருக்கிறது.

இன்று பார்த்த ஒரு சான்றில் எல்லாம் சரி, முத்திரை மட்டும் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அழகாகத் தனியாக விழுந்திருந்தது. அது செல்லாது. கையெழுத்தும் முத்திரையும் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் படிய வேண்டும், படத்தைப் பிரித்து மாற்ற முடியாதபடி. மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருமுன் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தின் வாசகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் புதுப் படிவம் கேளுங்கள்.

நிரந்தரக் குறைபாட்டுக்கான சான்று 25 வயது வரை உள்ளவர்களுக்கு 5 ஆண்டு, 26 முதல் 35 வயது வரை 10 ஆண்டு, அதற்கு மேல் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்று ஆயுள் முழுக்க என்றாலும் கார்டில் அச்சிட்ட தேதி முன்பே முடியலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 8 மணி வேலை முடிந்தது. குழப்பம் எப்போதும்போல ஒதுக்கீட்டில்தான்.

சலுகை வேறு, ஒதுக்கீடு வேறு. கட்டணம் குறைவது சலுகை. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாகப் படுக்கை வைத்திருப்பது ஒதுக்கீடு. தேடும் பக்கத்தில் 'பெர்சன் வித் டிசெபிலிட்டி கன்செஷன்' என்ற கட்டத்தில் டிக் வைத்தால் சலுகை. கோட்டா பட்டியலில் 'பெர்சன் வித் டிசெபிலிட்டி' என்பதைத் தேர்ந்தால் ஒதுக்கீடு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஸ்க்ரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்பவர்கள் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்லீப்பரில் 4 படுக்கை, மூன்றடுக்கு ஏசியில் 4 படுக்கை என்பது ஒரு ரயிலுக்கு, ஒரு பெட்டிக்கு அல்ல. பார்வையற்றவருக்குக் கீழ், துணையாளருக்கு நடு என்று வைத்தால் இரண்டு ஜோடியோடு முடிந்தது. தீபாவளிக்கு அது நிமிடக் கணக்கில் தீரும். தீர்ந்ததும் "சலுகை முடிந்துவிட்டது" என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். கோட்டாவை ஜெனரலுக்கு மாற்றி, சலுகை டிக்கை அப்படியே வைத்துப் போடுங்கள். கட்டணம் அதே குறைவுதான். படுக்கை மட்டும் இரண்டு பேருக்கும் தள்ளித்தள்ளி விழலாம்.

கேப்ட்சா தொல்லைக்கு: லாகின் பெட்டியிலேயே 'லாகின் அண்ட் புக்கிங் வித் ஓடிபி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் வைத்தால் படத்தெழுத்துக்குப் பதில் கைப்பேசிக்கு ஓடிபி வரும்.

பெயர், பிறந்த தேதி கார்டில் உள்ளபடியே அடிக்க வேண்டும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்கூடத் தடுக்கும். கார்டு விவரத்தை 8 மணிக்கு அடித்துக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே கணக்கில் சேமித்து வையுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பார்வையற்றவர், ஒரு துணையாளர், அவ்வளவுதான். கூட வரும் மூன்றாமவருக்குத் தனி டிக்கெட், முழுக் கட்டணம்.

துணையாளர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. துணை இல்லாமல் தனியாகப் போனாலும் பார்வையற்றவருக்குச் சலுகை உண்டு.

ஆகஸ்ட் 27, புதன்

"75 சதவீதம் என்றீர்கள், கணக்கு இடிக்கிறதே?"

சலுகை அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்பாஸ்ட் கட்டணம் இரண்டிலும் குறையாது. உதாரணத்துக்கு, சூப்பர்பாஸ்ட் ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணம் 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால்பங்கு 70. முன்பதிவு 20, சூப்பர்பாஸ்ட் 30. ஆக 120. முழு டிக்கெட் 330 ஆகியிருக்கும். மிச்சம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இணையத்தில் எடுத்தால் ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணமும் சேரும்.

ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு, ஏசி சேர் கார், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் 75 சதவீதம். இரண்டடுக்கு ஏசி, முதல் வகுப்பு ஏசியில் 50. ராஜ்தானி, சதாப்தியின் மூன்றடுக்கு ஏசி, சேர் காரில் 25 மட்டும். துணையாளர் ஒருவருக்கும் அதே வகுப்பில் அதே சதவீதம். மூன்றடுக்கிலிருந்து இரண்டடுக்குக்கு ஏறும்போது அடிப்படைக் கட்டணமும் கூடுகிறது, தள்ளுபடியும் சுருங்குகிறது. இரண்டு பேருக்குமாகப் பார்த்தால் பெரிய தாவல். வசதிக்காகப் போகிறவர்கள் தெரிந்து போகட்டும்.

செப்டம்பர் 3, புதன்

எங்கெல்லாம் கிடையாது: தட்கல், பிரீமியம் தட்கல், வந்தே பாரத். வந்தே பாரத்தில் கட்டணச் சலுகைதான் இல்லை, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இருக்கை உண்டு. ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) எழுதும் டிக்கெட்டிலும் சலுகை வராது. சலுகை டிக்கெட்டை வித்தியாசத் தொகை கட்டி மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது.

2020 மார்ச் 20-இல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். இது நிற்கவில்லை. "எல்லாச் சலுகையும் போய்விட்டது" என்று சுற்றும் செய்தியை நம்பி முழுக் கட்டணம் கொடுத்துப் போனவர்கள் உண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

ரத்து செய்வதில் ஒரு வயிற்றெரிச்சல். எவ்வளவு முன்பே ரத்து செய்தாலும் ஸ்லீப்பரில் உறுதியான டிக்கெட்டுக்கு ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம். மூன்றடுக்கு ஏசியில் 180. முழுக் கட்டணம் கொடுத்தவருக்கும் இதே தொகைதான். மேலே சொன்ன 120 ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்தால் கைக்கு ஒன்றும் வராது. ஆகவே "எதற்கும் இரண்டு ரயிலில் போட்டு வைப்போம்" என்பது சலுகைப் பயணிக்குக் கட்டுப்படியாகாத பழக்கம்.

துணையாளர் வர முடியாமல் போனால் அவர் பெயரை மட்டும் ரத்து செய்துவிட்டுப் பார்வையற்றவர் தனியே போகலாம். தலைகீழாக முடியாது. துணையாளரின் சலுகைக்குத் தனி உயிர் கிடையாது.

ஒருவருக்குப் படுக்கை உறுதி, மற்றவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று சார்ட் வந்தால் இரண்டு பேரும் ஏறலாம், ஒரு படுக்கையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பேருமே வெயிட்டிங்கில் நின்றால் இ-டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

செப்டம்பர் 24, புதன்

தனியாகப் போகிறவர் படுக்கையைக் கண்டுபிடிப்பது எப்படி? பல பெட்டிகளில் எண்களைப் பிரெயிலில் பொறித்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் இல்லை, இருக்கும் இடத்திலும் சிலது தேய்ந்தோ உரிந்தோ கிடக்கும். எண்ணிப் போவதே நம்பகமானது.

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு 8 படுக்கை. 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 33 என்றால் நாலு தடுப்பு தாண்டி ஐந்தாவது, மீதி 1, கீழ்ப் படுக்கை. 

எந்தக் கதவில் ஏறினோம் என்பதில்தான் சறுக்கும். எல்எச்பி என்ற புதுவகை ஸ்லீப்பர் பெட்டியில் 10 தடுப்பு, 80 படுக்கை. கடைசி எண் பக்கமாக ஏறியிருந்தால் 33 இருப்பது ஆறாவது தடுப்பு. ஐசிஎஃப் என்ற பழைய வகை ஸ்லீப்பர் பெட்டியில் 9 தடுப்பு, 72 படுக்கை. அதில் எந்தப் பக்கம் ஏறினாலும் ஐந்தாவதுதான். ஏறியதும் முதல் தடுப்பில் இருப்பவரிடம் "உங்க நம்பர் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டால் திசை தெரிந்துவிடும்.

அக்டோபர் 1, புதன்

இன்று முதல், முன்பதிவு 8 மணிக்குத் திறந்ததும் இணையத்தில் போட முடிவது ஆதார் இணைத்துச் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்குகளுக்கு மட்டும். பொங்கலுக்குப் போடுகிறவர்கள் இப்போதே இணைத்துவிடுங்கள். கவுண்ட்டருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

சோதனையின்போது டிடிஇ கேட்பது அசல். கைப்பேசியில் இருக்கும் கார்டின் படமோ ஜெராக்ஸோ போதாது. கார்டில் போட்ட டிக்கெட்டுக்குக் கார்டு, சான்றில் எடுத்ததற்குச் சான்று. இல்லாவிட்டால் சலுகை போய் முழுக் கட்டணமும் அபராதமும் கேட்பார்கள், துணையாளருக்கும் சேர்த்து.

அசலைத் துணையாளர் பையில் வைக்காதீர்கள். அவர் தண்ணீர் வாங்க இறங்கிய நேரத்தில்தான் டிடிஇ வருவார்.

நடு அல்லது மேல் படுக்கை விழுந்திருந்தால் டிடிஇயிடமே கேளுங்கள். வராதவர்களின் கீழ்ப் படுக்கையை மாற்றுத்திறனாளிகளுக்கு மாற்றித்தர அவருக்கு அதிகாரம் உண்டு. டிக்கெட் பார்த்து முடியும் வரை பொறுத்துக் கேட்டால் நடக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று மாலையிலிருந்து கூட்டம். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு மிச்சமிருப்பது மாற்றுத்திறனாளிப் பெட்டி. பல விரைவு ரயில்களில் ரயில் மேலாளர் (பழைய பெயர் 'கார்ட்') இருக்கும் பெட்டியோடு ஒட்டியே, முதலிலோ கடைசியிலோ இருக்கும். முன்பதிவில்லா டிக்கெட்டைச் சலுகையில் எடுத்து, துணையாளரோடு ஏறலாம்.

பண்டிகை நாளில் அதில் சம்பந்தமில்லாதவர்கள் நிறைந்திருப்பார்கள், கதவை உள்ளே தாழிட்டும் வைப்பார்கள். தட்டிக்கொண்டே நின்றால் வண்டி போய்விடும். வண்டி வருமுன் நடைமேடையில் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலரிடம் சொல்லி வையுங்கள், அல்லது 139-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். ரயில் எண், நிலையம், பெட்டி முன்னாலா பின்னாலா, இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய 182 இப்போது இல்லை, 139-இலேயே சேர்த்துவிட்டார்கள்.

அக்டோபர் 25, சனி

பண்டிகை கழிந்து, தினமும் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டது: மாத சீசன் டிக்கெட், மூன்று மாத சீசன் இரண்டிலும் 50 சதவீதம் சலுகை, துணையாளருக்கும் உண்டு. பார்வையற்றவர் விடுப்பு எடுத்த நாளில் துணையாளர் தன் சீசனைக் காட்டித் தனியாகப் போனால் அது டிக்கெட் இல்லாப் பயணம்.