கொலோன் நாட்குறிப்பு: ரைன் கரையில் சில நாட்கள்

மார்ச் 4

மதியம் ஜெர்மனியின் கொலோன் நகரம் வந்து சேர்ந்தேன். ரயில் ரைன் ஆற்றைக் கடக்கும்போதே பேராலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிடுகிறது, நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அதன் காலடியில்தான் நிற்கிறோம். 157 மீட்டர் உயரம். ரோமர்கள் கி.பி. 50-ல் குடியேற்ற நகரமாக்கிய ஊர் இது, 'கொலோனியா' என்ற அந்த லத்தீன் சொல்தான் தேய்ந்து ஊர்ப்பெயராகிவிட்டது.

மார்ச் 5

தெற்குக் கோபுரத்தில் ஏறினேன். 533 படிகள், எல்லாம் குறுகலான சுழல்படி, எதிரே இறங்குகிறவர்களுக்குச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். நடுவில் 1923-ல் வார்த்த 24 டன் மணி தொங்குகிறது, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் மேலே ஏறியதைவிட, இறங்கி வந்து அடிச்சுவரைத் தொட்டுப் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. சாம்பல் நிறக் கல், அதற்குள் விரல்நுனி அளவுக்கு வெளிறிய படிகங்கள், பர்பியில் முந்திரி பதித்த மாதிரி. ரைனின் மேற்பகுதியில் இருக்கும் டிராகன்ஃபெல்ஸ் குன்றில் வெட்டி, படகில் ஏற்றி, ஆற்றோடு இறக்கிக் கொண்டுவந்த கல் இது. 1248-ல் தொடங்கிய வேலை 1560 வாக்கில் நின்றுபோனது. பாதியில் நின்ற இதே கோபுரத்தின் தலையில் ஒரு மரப் பளுதூக்கி பல நூறு வருஷம் அப்படியே நின்றிருக்கிறது, பழைய ஓவியங்களில் ஊரை அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். 1842-ல் மறுபடி கைவைத்து 1880-ல்தான் முடித்தார்கள். தான் அடுக்கிய கல்லுக்கு மேல் என்ன எழும்பப் போகிறது என்று பார்க்காமலே போய்ச் சேர்ந்த கொத்தர்கள் எத்தனை தலைமுறை!

மார்ச் 6

1945-ல் இதே தேதியில்தான் பின்வாங்கிய ஜெர்மன் படை ஹோஹென்சொல்லர்ன் பாலத்தைத் தகர்த்தது. திரும்பக் கட்டிய அந்தப் பாலத்தில் இன்று நடந்தே அக்கரை போனேன். கம்பித் தடுப்பு முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள், ரயில் போகும்போது கால் அதிர்கிறது.

அக்கரையிலிருந்து பார்த்தால் பழைய நகரத்தின் ஒடுக்கமான வண்ண வீடுகள் அவ்வளவு அழகு. அதில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு எழுந்தவை, குண்டுவீச்சில் நகர மையம் ஏறக்குறைய முழுசாக அழிந்துபோனது. பேராலயத்துக்கும் அடி விழுந்தது, ஆனாலும் நின்றது. மற்றபடி ரோமனெஸ்க் என்ற, வட்ட வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணியில் கட்டிய பன்னிரண்டு பழைய தேவாலயங்களைப் பல பத்தாண்டுகள் பாடுபட்டு மீட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம்தான் பேராலயத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

மார்ச் 7

கரையோரத்தில் மணிக்கூண்டு மாதிரி ஒரு கோபுரம், அதில் கடிகார முகம். காட்டுவது நேரம் அல்ல, ஆற்றின் மட்டம்! சின்ன முள் மீட்டர், பெரிய முள் அதில் பத்தில் ஒரு பங்கு. 6.20 மீட்டரைத் தொட்டால் கப்பல்களுக்கு வேகக் கட்டுப்பாடு, 8.30 வந்தால் போக்குவரத்தே நிற்கும். 1995-ல் 10.69 வரை ஏறியது. 1784-ல் பனிக்கட்டி உடைந்து வந்த வெள்ளம் 13.55. அண்ணாந்து பார்த்தபடி அந்த உயரத்தைக் கரை வீடுகளின் சுவரில் மனசுக்குள் குறித்துப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 8

கிளம்பும் நாள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பல வருஷங்களாகத் தமிழ் கற்பித்திருக்கிறார்கள், பெரிய தமிழ் நூலகமும் உண்டு. துறைக்கே ஆபத்து வந்தபோது 2021-ல் தமிழ்நாடு அரசு 1 கோடியே 25 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அடுத்த தடவை வந்தால் முதல் வேலை அந்த நூலகம்தான்.

நிலையத்துக்குப் போகும் வழியில் மட்டக் கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தேன். சின்ன முள் 3-ஐத் தாண்டியிருந்தது. கீழே ஒரு சரக்குப் படகு, பாரத்தில் நன்றாக அமிழ்ந்து, எதிரோட்டத்தில் டிராகன்ஃபெல்ஸ் பக்கமாக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.