மேட்டுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் ஊரிலிருந்து தெற்கே காரில் அரை மணி நேரம் போனால் ஃபில் கியர்னி கோட்டை. கல் மதிலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். திரும்பக் கட்டிய மரவேலியின் ஒரு துண்டு, ஒரு சின்ன அருங்காட்சியகம், மற்றதெல்லாம் புல்லும் காற்றும்தான். மேற்கே பிக்ஹார்ன் மலை.

1866 ஜூலையில் கர்னல் ஹென்றி கேரிங்டன் இதைக் கட்டத் தொடங்கினார். மொன்டானாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களின் போஸ்மன் பாதைக்குக் காவலாக. ஆனால் அந்தப் பாதை லகோட்டா, செயேன், அரபாஹோ என்ற பழங்குடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலத்தின் குறுக்கே போனது. லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

அங்கே நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது மரம்தான். கோட்டைக்குத் திறந்த வெளியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பைன் காடோ பல மைல் தள்ளி. வேலிக்கும் வீட்டுக்கும் அடுப்புக்கும் அங்கிருந்துதான் வண்டிகட்டி மரம் கொண்டுவர வேண்டும். அப்புறம் கோட்டையை யார் தாக்கப்போகிறார்கள்? மர வண்டியைத் தாக்கினாலே போதும்.

டிசம்பர் 21 அன்றும் அப்படித்தான் தொடங்கியது. வண்டிகளைக் காப்பாற்ற கேப்டன் வில்லியம் ஃபெட்டர்மேன் தலைமையில் படை கிளம்பியது. லாட்ஜ் டிரெயில் மேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டதாகக் கேரிங்டன் பின்னர் சொன்னார். பழங்குடி வீரர்கள் சிலர் போக்குக் காட்டி இழுக்க, படை மேட்டைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கானோர் பதுங்கியிருந்தார்கள். போன 81 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கோட்டையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மேடு மட்டும்தான் தெரிகிறது. அன்று உள்ளே இருந்தவர்களுக்கும் துப்பாக்கிச் சத்தம் மட்டுமே கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கர்ப்பிணியான ஃபிரான்சஸ் கிரம்மண்ட் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் லெப்டினன்ட் ஜார்ஜும் அந்தப் படையில் போயிருந்தார். கோட்டையில் தந்தி இல்லை. ஜான் பிலிப்ஸ் என்பவர் பனியில் குதிரையேறி 236 மைல் தள்ளியிருந்த லாரமி கோட்டைக்குக் கிறிஸ்துமஸ் இரவில் செய்தி கொண்டுபோனார்.

1868 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு இந்தப் பாதையையே கைவிட்டது. அந்தக் கோடையில் ராணுவம் வெளியேறியதும் செயேன் மக்கள் கோட்டையைக் கொளுத்தினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மரமெல்லாம் சாம்பல். வெறும் இரண்டு வருஷ ஆயுள்.

பிறகு போர் நடந்த குன்றுக்குப் போனோம். அங்கே ஒரு கல் நினைவுச் சின்னம். 'உயிர் பிழைத்தவர் எவருமில்லை' என்று அதன் எழுத்துகள் முடிகின்றன. படித்ததும் கோபம் வந்தது. அன்று அங்கே வென்று வீடு திரும்பிய நூற்றுக்கணக்கான லகோட்டா, செயேன், அரபாஹோ மக்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்கள் நினைவில் இது 'கையில் நூறு பேர்' போர். அவர்கள் தரப்பைச் சொல்லும் பலகைகள் நடைபாதை ஓரத்தில் இப்போது இருக்கின்றன. அவற்றை அவசரப்படாமல் படியுங்கள்.

1908 ஜூலையில் இந்தச் சின்னத்தின் திறப்பு விழாவுக்கு ஃபிரான்சஸ் வந்தார். உடன் வந்தவர் அவரது இரண்டாவது கணவர், கேரிங்டன்.