மூலம் என்று வருபவர்களும் வருத்தமே இல்லாதவர்களும்

"மூலம்தான் டொக்டர், பூசுறதுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ." திருகோணமலையில் குடல் நோய்க் கிளினிக்கில் இருந்தால் இதைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. சொல்பவருக்குப் பெரும்பாலும் மூலம்தான் இருக்கும். ஆனால் மூலம் இருப்பதால் மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர், மலத்தோடு கலந்து ரத்தம் போகிறது, வெளிக்குப் போகிற வழக்கம் மாறிக் கொஞ்ச நாளாகிறது, இரும்புச்சத்துக் குறைந்து முகம் வெளிறியிருக்கிறது என்றால் பூசுமருந்தோடு அனுப்ப எனக்கு மனம் வராது. இப்படி வருகிற சிலர் எண்ணெயும் லேகியமுமாக ஒரு வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். குடலுக்குள் கமெராவை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் கட்டி வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் கட்டிகள்தான் என்னை ஆராய்ச்சிப் பக்கம் திருப்பின. பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று முளைப்பதில்லை. பெரும்பாலும் குடலின் உள்சவ்வில் பொலிப் என்கிற சின்ன வளர்ச்சியாகத் தொடங்கும். மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அது புற்றாக மாறப் பத்து வருடமளவில் பிடிக்கும். எல்லாப் பொலிப்பும் அப்படி மாறுவதும் இல்லை. அந்தப் பத்து வருடமும் ஆளுக்கு ஒரு வருத்தமும், அதாவது நோயின் அறிகுறி ஒன்றும், தெரியாது. நன்றாகச் சாப்பிடுவார், வேலைக்குப் போவார். அந்தக் காலத்தில் கண்டுபிடித்துப் பொலிப்பை எடுத்துவிட்டால் வரவிருந்த புற்றுநோயையே தடுத்ததாகிவிடும். வந்த புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிப்பது ஒன்று, வரவே விடாமல் செய்வது வேறு. இந்த வாய்ப்பைத் தருகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அதனால்தான் இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

1969இல் நியூயோர்க்கில் வில்லியம் வொல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இருவர் வயிற்றைத் திறக்காமலே, கொலனோஸ்கோப் என்கிற, குடலுக்குள் விடுகிற கமெராக் குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை விட்டுப் பொலிப்பை எடுத்துக் காட்டினார்கள். வருத்தமே இல்லாத ஆட்களில் யாருக்குக் கமெரா விடுவது என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கிடைத்த முதல் பெரிய பதில் 1993இல் வெளியான மினசோட்டா ஆய்வு. 50 முதல் 80 வயது வரையான 46,551 பேர் அதில் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று வருடாவருடம் பார்க்கப்பட்ட பிரிவில், 13 வருடத்தில் பெருங்குடல் புற்றுநோய் மரணம் 33 வீதம் குறைந்தது. ஒரு அட்டையில் கொஞ்சம் மலத்தைப் பூசி அனுப்புவதில் தொடங்குகிற வேலை இது. அந்தக் கட்டுரையை முதன்முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பயிற்சிக்காக இங்கிலாந்தில் இருந்தபோது அந்த நாட்டின் மலப் பரிசோதனைத் திட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2006இல் தொடங்கியது. குறித்த வயது வந்ததும் தபாலில் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கே வரும். 2019இல் பழைய அட்டையை விட்டுவிட்டு ஃபிட் என்கிற பரிசோதனைக்கு மாறினார்கள். பழைய முறையில் மாட்டிறைச்சி சாப்பிட்டிருந்தாலும் ரத்தம் இருப்பதுபோல் காட்டிவிடும். ஃபிட் மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டும் தேடுகிறது, அதனால் சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. ஆனால் நான் அங்கே அதிகம் கற்றுக்கொண்டது பெட்டியிடமிருந்து அல்ல, பொசிட்டிவ் என்று வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இருத்திப் பேசிய தாதிமாரிடமிருந்து. பயத்தில் வராமல் விட்டவரை அவர்கள் விடமாட்டார்கள்.

சரி, அதே பெட்டியை எங்கள் மாவட்டத்து வெருகலுக்கோ குச்சவெளிக்கோ கொண்டுபோனால் என்ன ஆகும்? ஊருக்குத் திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். குளோபின் சூட்டில் சிதையும். இத்தாலியின் புளோரன்ஸ் வட்டாரத்தில் பார்த்தபோது, கோடையில் பொசிட்டிவ் வருகிற வீதம் குளிர்காலத்தைவிடக் குறைந்திருந்தது. கோடையில் புற்றுநோய் குறைவதில்லை, மாதிரி வழியில் கெட்டுப்போகிறது. புளோரன்ஸின் வெயிலுக்கே அப்படி என்றால், கச்சான் காற்று வீசுகிற எங்கள் மாதங்களில், வெயிலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கிற குழாயை நினைத்துப் பாருங்கள். ரத்தம் இருந்தும் இல்லை என்று பதில் வந்தால் அந்த ஆள் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார். பரிசோதிக்காமல் விடுவதைவிட அது மோசம். ஆகவே எந்த நிறுவனத்தின் பரிசோதனை என்பதைவிட, காலையில் எடுத்த மாதிரி எத்தனை மணிக்குக் குளிரூட்டிக்குள் போகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியமான ஆராய்ச்சிக் கேள்வி. தடுப்பூசி கெடாமல் கிராமம் வரை போய்ச் சேருகிற நாடு இது. தடுப்பூசிப் பெட்டிக்குள் மலத்தை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பாதையும் அந்த ஒழுங்கும் இருக்கிறது. வேறொரு பெட்டி அதே பாதையில் திரும்பி வரலாம். கொழும்பில் இருந்து யோசித்தால் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது.

அடுத்தது குடலைச் சுத்தப்படுத்துகிற விஷயம். புத்தகத்தில் இது இரண்டு வரி. முதல்நாள் பின்னேரம் பாதி மருந்துத் தண்ணீர், மறுநாள் விடியப் பாதி. மூதூரிலிருந்து வருகிறவர் விடியப்புறம் ஒரு லீற்றரைக் குடித்துவிட்டு எப்படி பஸ்ஸில் ஏறுவார்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வழி எவ்வளவோ இலேசாகிவிட்டது. ஆனாலும் வழியில் மலசலகூடம் தேட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பாதி மருந்தை ஊற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்திலிருந்து வருபவர்களை முதல்நாளே வார்டில் சேர்க்கப் பழகிக்கொண்டோம். அங்கே தாதி கட்டிலுக்குக் கட்டில் போய், "மஞ்சள் தண்ணியாப் போகுதா, இன்னும் கட்டியாப் போகுதா?" என்று சத்தமாகவே கேட்பார். கீரை வேண்டாம், கொய்யாப்பழம் வேண்டாம், இரும்புச்சத்துக் குளிசையை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்துங்கள், சிவப்புச் சோடா குடிக்காதீர்கள் என்று ஒரு துண்டுக் கடதாசி கொடுக்கிறோம். கொய்யா விதை கமெராவின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். நோன்பு மாதத்தில் இந்த நேர அட்டவணையை முழுதாக மாற்ற வேண்டும், அல்லது அவசரம் இல்லாதவர்களைப் பெருநாளுக்குப் பிறகு வரச் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு உம்மா, "பொம்புளை டொக்டர்தான் பாப்பாங்க எண்டாத்தான் வருவேன் மகள்" என்று சொல்லியனுப்பி, அப்படியே வந்தார். இதையெல்லாம் வசதி என்று நான் எழுதுவதில்லை. ஆய்வுப் படிவத்திலேயே இவற்றுக்கு இடம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வருவதும் வராமல் விடுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

குடல் சுத்தமாக இருந்தால் மிச்சம் பார்க்கிறவர் கையில். கமெராவை உள்ளே கொண்டுபோவது ஒரு வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். பொலிப்பைத் தேடுவது வெளியே எடுத்து வரும்போதுதான். வலது பக்கக் குடலில் ஒரு மடிப்பின் பின்பக்கம், மஞ்சள் சளி கொஞ்சம் படிந்த மாதிரி ஓரிடம் தெரியும். அவசரப்பட்டால் சுத்தம் போதவில்லை என்று தாண்டிவிடுவோம். நின்று தண்ணீர் அடித்துக் கழுவினால் சளி விலகி, கீழே தோலோடு தோலாகத் தட்டையாக ஒரு பொலிப் கிடக்கும், அதன் ஓரத்தில் ரத்தக்குழாய்களின் கோடு சட்டென்று அறுந்திருக்கும். அடியில் நீலச் சாயம் கலந்த உப்புநீரை ஊசியால் ஏற்றி அதை உயர்த்தி, சுருக்கை மாட்டி எடுப்போம். 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு 136 நிபுணர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொலனோஸ்கோபிகளைப் பார்த்தது. பொலிப் கண்டுபிடிக்கிற வீதம் நூற்றுக்கு ஒன்று கூடும்போதெல்லாம், அவரிடம் பார்த்த நோயாளிகளுக்குப் பின்னால் புற்றுநோய் வருகிற ஆபத்து 3 வீதம் குறைந்தது. இளம் டொக்டர்மாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

  

2022இல் நோர்டிக் நாடுகளும் போலந்தும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு வெளியானபோது, கொலனோஸ்கோபியால் பெரிய பலன் இல்லை என்று சில செய்திகள் வந்தன. பத்து வருடத்தில் அழைக்கப்பட்ட பிரிவில் புற்றுநோய் ஆபத்து 18 வீதம்தான் குறைந்தது, மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் வந்து செய்துகொண்டவர்கள் 42 வீதம் மட்டுமே. என் பார்வையில் அந்த ஆய்வு அளந்தது கமெராவை அல்ல, அழைப்பை. பஸ்ஸும் தபாலும் சீராக ஓடுகிற நாடுகளிலேயே பாதிப்பேர் வரவில்லை.

இலங்கையில் மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பார்க்கச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து கூப்பிடுகிறார். பெருங்குடலுக்கு அப்படி நாடு தழுவிய திட்டம் இல்லை. நல்ல மனம் கொண்டவர்கள் வந்து, முகாம் வைத்து எல்லாருக்கும் பரிசோதனைப் பெட்டி கொடுப்போமா என்று கேட்பதுண்டு. நான் மறுத்துவிடுவேன். பொசிட்டிவ் வந்தவருக்குச் சில வாரங்களுக்குள் கொலனோஸ்கோபி கொடுக்க முடியாது என்றால் நாங்கள் கொடுப்பது பயம் மட்டும்தான். ரத்தம் போய்க்கொண்டிருப்பவர்களே வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுடைய இடத்தை எடுக்க எனக்கு உரிமை இல்லை. முதலில் கமெரா, அதைக் கழுவுகிற இயந்திரம், பயின்ற தாதிமார், பயாப்ஸி என்கிற சதைத்துண்டுப் பரிசோதனையின் முடிவு தாமதமில்லாமல் வருகிற வழி. அப்புறம் பெட்டி. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருக்கிற வசதிக்குள் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு, இப்போது என் நேரம் அதில்தான் போகிறது. பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியானவரின் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் தேடிக் கூப்பிடுவது. அவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. நாற்பது வயதிலோ, நோய் வந்தவருக்கு இருந்த வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வருகிற வயதிலோ, எது முந்தியோ அப்போது ஒருமுறை கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். அண்ணனுக்கு நாற்பத்தைந்தில் வந்தால் தம்பி முப்பத்தைந்தில் வர வேண்டும். வார்டில் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவரிடம் குடும்ப மரத்தைக் கேட்டு எழுதுகிறோம். யார் நிலாவெளியில், யார் கந்தளாயில், யார் கனடாவில் என்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே அங்கே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள்தான், "எனக்கொண்டுமில்லையே டொக்டர்" என்று தயங்குகிறார்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், ஒன்றும் இல்லாதபோதே வாருங்கள், வரும்போது அவருடைய பயாப்ஸி அறிக்கையின் பிரதியையும் எடுத்து வாருங்கள்.