ஆர்வியை உறங்கப் போடுதல்: ஜெனரேற்றர் முடிந்தது, எஞ்சின் பாதி

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். போன வின்ரர் முழுக்க ஒன்ராறியோவின் அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்துப் பண்ணை யார்ட்டில் பனிக்குள் கிடந்த என் ஆர்வியின் (வீட்டு வசதியுள்ள வண்டி) ஜெனரேற்றர், ஓனான் 4000, ஏப்ரலில் ஸ்ரொப் பக்கத்தை அழுத்திப் பிடித்துப் பெற்றோல் ஏற்றிவிட்டு ஸ்ராட்டைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. ஏறி இறங்கி ஊளையிடும் அந்தச் சனியன் சத்தமும் இல்லை. பக்கத்தில் வண்டி விடும் அண்ணை தன்னுடையதுக்குப் புதுக் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) போட்டுச் சில நூறு டொலர் கட்டிவிட்டு எரிச்சலில் நின்றவர். வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, என்னத்தை ஊத்தினனீர்?" என்றார்.

"ஊத்தேல்லை அண்ணை. கிடந்ததை எல்லாம் வெளியிலை எடுத்தனான்."

இந்த நவம்பரிலும் அதையே கொஞ்சம் திருத்திச் செய்து முடித்தாயிற்று. தண்ணீர்க் குழாய்களுக்குப் பிங்க் அன்ரிஃபிரீஸ் விடுவது, ரயருக்குக் காற்று, கூரை சீலன்ற் எல்லாம் இங்கே யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சின், ஜெனரேற்றர் இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலும் பெரும்பகுதி காபரேற்றரில் இருக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு புறுபுறுப்பு. "ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணி விடு, எல்லாம் சரி" என்று சொல்லாத ஆளில்லை. இது விசர்க் கதை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. ஓடிச் சூடான எஞ்சினில் அது சைலன்சர் வழியே போய்விடும். மைனஸ் 15 பாகையில் நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் வி10இல் (என் வண்டியின் பத்து சிலிண்டர் எஞ்சின்) அது எங்கே போகும்? சைலன்சருக்குள் தேங்கும், பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். குளிரில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்சின் பெற்றோலை அதிகமாகக் குடிப்பதால் அதிலும் கொஞ்சம் ஒயிலோடு கலக்கும். டாஷ்போட்டில் கூலன்ற் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பார்கள். கூலன்ற் சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் ஒயில் சூடாகும். ஒயிலில் இருக்கும் ஈரத்தை விரட்ட வேண்டுமென்றால் ரோட்டில் இறக்கி, சுமையோடு, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும்.

ஒன்ராறியோவில் ஜனவரியில் அது நடக்கிற காரியமா? ரோடு முழுக்க உப்பு. போதாததற்கு, வின்ரருக்கு இன்சூரன்சில் ஓபிசிஎஃப் 16 என்ற இணைப்பைப் போட்டு ரோட்டுக் காப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். யார்ட் கேற்றைத் தாண்டவே கூடாது. ஆகவே என் கட்சி இதுதான்: ஓட்ட முடிந்தால் ஒழுங்காக ஓட்டு, முடியாவிட்டால் ஒழுங்காக உறங்கவிடு. இடையிடையே தட்டி எழுப்பி ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் திரும்பப் படுக்க வைக்கிற வேலை வேண்டாம்.

சரி, பெற்றோல். வண்டியின் (ஃபோர்ட் ஈ-450) ராங்க் 55 கலன், 208 லீற்றர். யார்ட்டுக்குப் போகிற வழியில் நிரப்பினேன். முதலில் ஸ்ரெபிலைசர் (பெற்றோல் பழுதாகாமல் காக்கும் மருந்து), பிறகுதான் பம்ப். விழுகிற பெற்றோலே கலக்கிவிடும். நான் விடுவது சிவப்பு ஸ்ரா-பில், அதன் கணக்கு இரண்டரைக் கலனுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது பத்து லீற்றருக்கு 30 மில்லிக்குக் கிட்ட. முழு ராங்குக்கு 650 மில்லி போல வரும். 946 மில்லிப் போத்தல் ஒன்று வாங்கினால் மிச்சம் புல்லுவெட்டிக்கும் ஸ்னோ புளோவருக்கும் காணும். கனேடியன் ரயரில் செப்ரெம்பரில் மலிவு போடுவார்கள் என்று பார்த்திருந்தேன், இந்த முறை போடவில்லை. மனிசி, "அதுக்குப் பாத்துக்கொண்டு ரெண்டு மாசம் காத்திருந்தனீங்களோ" என்று கேட்டது வேறு கதை.

வி10க்கு இது போதும். ஃபியூவல் இன்ஜெக்சன் என்பது மூடிய குழாய். பெற்றோல் காற்றைப் பார்க்காமல் அழுத்தத்துக்குள் கிடக்கிறது, ஸ்ரெபிலைசர் தன் வேலையைச் செய்யும். கரைச்சல் எல்லாம் காபரேற்றரில்தான். அதன் மிதவைக் கிண்ணத்துக்குக் காற்று வழி உண்டு, இருந்தே ஆக வேண்டும். கிண்ணத்தில் நிற்பதோ கொஞ்சப் பெற்றோல். மெல்லிய பகுதி அந்த வழியால் ஆவியாகிப் போக, தடித்த பகுதி பிசினாகக் கீழே படியும். ஸ்ரெபிலைசர் பெற்றோல் பழுதாவதைத் தாமதப்படுத்தும், ஆவியாவதைத் தடுக்காது. பிசின் போய் அடைப்பது ஐடில் ஜெற்றை. ஊசி முனை போகாத துவாரம் அது. பிறகு சித்திரையில் ஜெனரேற்றர் ஏறி இறங்கி ஊளையிடும், லோட் (கரண்ட் இழுக்கும் சாமான்) போட்டால் கொஞ்சம் அடங்கும், லோட்டை எடுத்தால் திரும்பத் தொடங்கும். இந்தச் சத்தத்தை அறியாத ஓனான்காரர் இருக்க முடியாது.

பலர் எதனோலைத்தான் திட்டுகிறார்கள், அது தண்ணீரை இழுத்துப் பிரிந்து அடியில் நிற்கும் என்று. நிற்கும்தான். ஆனால் பத்து வீத எதனோல் பெற்றோல் பிரிவதற்கு அரை வீதமளவு தண்ணீர் வேண்டும், குளிர் கூடக் கூட அந்த அளவு குறையும் என்றாலும். 208 லீற்றர் ராங்குக்கு அரை வீதம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். நிரம்பி மூடிய ராங்குக்குள் அவ்வளவு எங்கிருந்து வரும்? என் கண்ணில் குற்றவாளி ஆவியாதல்தான்.

ஓனான் கையேடு மாதம் இரண்டு மணித்தியாலம் அரை லோட்டில் ஓடவிடச் சொல்கிறது. அது நல்ல காரணத்தோடுதான்: சுருள்களில் ஏறிய ஈரம் காயும், ஸ்லிப் றிங்கில் (சுழலும் சுருளோடு கரண்டை இணைக்கும் வளையம்) படியும் துரு உரசிப் போகும், பழைய பெற்றோல் போய்ப் புதியது வரும். கோடையில் நான் அப்படியே செய்கிறேன். வின்ரரில் மாதா மாதம் யார்ட்டுக்குப் போய்ப் பனியை வெட்டி எக்ஸோஸ்ற்றைத் தோண்டி இரண்டு மணித்தியாலம் காவல் இருக்க என்னால் ஏலாது. அதனால் உறங்க விடுவதற்கு முன் ஒரு நீண்ட ஓட்டம். வெளியில், திறந்த வெளியில் மட்டும். பண்ணைக்காரர் கொட்டிலுக்குள் விடச் சொன்னார். காபன் மொனொக்சைட்டோடு விளையாட விருப்பமில்லை.

லோட்டுக்கு ஏசி போட முடியாது, அந்தக் குளிரில் கொம்பிரசர் பாழாகும். இரண்டு சின்ன ஹீற்றர்: ஒன்று 1500 வாட்டில், மற்றது 750இல். 4000 வாட் ஜெனரேற்றருக்கு அரைக்குச் சற்று மேல். இந்த ஓட்டத்தில்தான் ஸ்ரெபிலைசர் கலந்த பெற்றோல் கிண்ணம் வரை வந்து சேர்கிறது. ராங்க் கால்வாசிக்குக் கீழே போனால் ஜெனரேற்றரின் உறிஞ்சு குழாய்க்கு எட்டாது என்பது தெரிந்ததுதானே.

பிறகு சூட்டோடு ஒயிலை இறக்கி மாற்றினேன். பாவித்த ஒயிலில் அமிலம் நிற்கும், அதோடு ஐந்து மாதம் பெயரிங்குகளை ஊறவிடக் கூடாது. எஞ்சின், ஜெனரேற்றர் இரண்டுக்கும் அன்றைக்கே.

இனிக் கிண்ணம். கீழே கார்ட்போட் விரித்துப் படுத்தேன். ஹோஸ் நெருக்கும் பிளையர் ஒன்று பிரின்சஸ் ஓட்டோவில் எடுத்தது, வாய் உருண்டையாக இருக்கும், ரப்பரை வெட்டாது. ஜெனரேற்றருக்குப் போகும் ஹோஸை அதால் நெருக்கிவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். இங்கே ஒரு ஒழுங்கு முக்கியம்: பெற்றோல் குறையத் தொடங்க முன்னரே ஹீற்றர்களை நிறுத்தி பிரேக்கரையும் கீழே போட வேண்டும். சரியான சுற்றில் ஓடினால்தான் கரண்ட் 60 ஹேர்ட்ஸில் வரும். அது திக்கித் திணறி இறங்கும்போது லோட் இருந்தால் வோல்ற்றேஜ் கண்டபடி ஆடும், பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கன்வேர்ட்டருக்கு நல்லதல்ல. லோட் இல்லாமல் அது கொஞ்ச நேரம் ஊளையிட்டு, தும்மி, நிற்கும். லைற் சிமிட்டும். அது காட்டும் பிழைக் கோட் (code) 36: கட்டளை இல்லாமலே எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். வேறு நாளென்றால் வயிற்றைக் கலக்கும் கோட். இன்றைக்கு அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பெரும்பாலானோர் இதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது. எஞ்சின் நின்றதென்றால் மெயின் ஜெற் (பெற்றோல் போகும் பெரிய துவாரம்) காற்றை இழுக்கிற அளவுக்குப் பெற்றோல் இறங்கிவிட்டது என்றுதான் பொருள், கிண்ணம் காலி என்றல்ல. ஜெற்றுக்குக் கீழே இன்னும் நிற்கும், பிசினாகப் போவதும் அதுதான். நன்றாக ஆறவிட்டு (சூட்டெஞ்சினில் பெற்றோல் சொட்டக் கூடாது) அடித்திருகைக் கழற்றினேன். ஒரு தேக்கரண்டிக்குக் கூடவே வந்தது.

அந்தத் திருகுதான் என் வாழ்நாள் எதிரி. கை போகும், கண் போகாது. கண் போனால் ஸ்குரூட்ரைவர் போகாது. குட்டை ஸ்குரூட்ரைவர் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாது, நீளமானது சட்டத்தில் முட்டும். வளைகிற எக்ஸ்ரென்சன் வைத்துப் பார்த்தேன், அது தான் முறுக்கிக்கொள்கிறதே தவிரத் திருகைத் திருப்பாது. கடைசியில் சரிவந்தது பிட்டை நேராகப் பிடிக்கும் சின்ன ரட்செற், உள்ளங்கைக்குள் அடங்கும் வகை. நுனியில் ஒரு துளி கிறீஸ் வைத்தால் திருகு பிட்டோடு ஒட்டி வரும். விழுந்தால் ஜெனரேற்றர் பெட்டியின் சத்தம் தாங்கும் பஞ்சுக்குள் போய்விடும், பிறகு காந்தக் குச்சியும் கையுமாக ஒரு பின்னேரம் போகும். பெற்றோலைப் பிடிக்கத் தயிர் வாளியை ஒரு பக்கம் வெட்டிச் சரித்து வைத்தேன், இதைவிட நல்ல தட்டு கடையில் இல்லை.

கிண்ணம் காய்ந்தால் கஸ்கெற் சுருங்கிவிடும் என்றொரு கட்சி இருக்கிறது. சுருங்கலாம். கஸ்கெற் மலிவு, கழற்றிப் போடலாம். அடைத்த ஐடில் ஜெற்றைக் கரைசலில் ஊறப்போட்டுச் சுரண்டினாலும் பழைய சீருக்கு வருவதில்லை. மாற்றுக் காபரேற்றர் விசயத்திலும் ஒரு எச்சரிக்கை: ஒன்லைனில் மூன்றிலொரு விலைக்குப் போலிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன், வார்ப்பில் மண் ஒட்டிக் கிடந்தது. விற்றவர் பதிலே போடவில்லை. அசல் சாமானை, ஓனானைச் செய்யும் கமின்ஸின் டீலரிடம் மொடல், ஸ்பெக் எழுத்து இரண்டையும் சொல்லி எடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் 30 மில்லி ஒயில் விட்டு, பிளக் வயரை உடலோடு முட்ட வைத்து ஒரு கணம் சுழற்றி, திரும்பப் பூட்டியாயிற்று. எலி புகாமல் எக்ஸோஸ்ற் வாய்க்குச் செம்புக் கம்பி வலை. இரும்புப் பஞ்சு துருப்பிடித்துக் குழாயில் கறை விடும். எலிக்கு வாசனைத் தாள் வைக்கிறவர்கள் வைக்கட்டும், அந்தத் தாளாலேயே கூடு கட்டிய எலியை நான் பார்த்திருக்கிறேன். வலையை எடுக்காமல் ஸ்ராட் பண்ணாதபடி ஸ்ரியரிங்கில் சிவப்பு ரிபன்.

அடுத்த திட்டம், நெருக்கும் பிளையரை ஒழிப்பது. வருசா வருசம் ஒரே இடத்தில் நெருக்கினால் ஹோஸ் வெடிக்கும். பெற்றோலுக்கென்று செய்த பித்தளை வால்வு ஒன்றைக் குழாயில் பூட்டிவிட்டால் கையால் மூடினால் போதும். வால்வு வாங்கிக் கராஜ் தட்டில் கிடக்கிறது, கிளிப்புகள்தான் அளவு பிழைத்து வந்தன.

எஞ்சின் பக்கம்: ஒயில் மாற்றி முடிந்தது. கூலன்ற்றை ரிஃப்ராக்ரோமீற்றரில் (உறைநிலை பார்க்கும் கருவி) பார்த்தேன், மைனஸ் 37 காட்டியது, அரைக்கரைக் கலவை அப்படியே இருக்கிறது. எயர் ஃபில்ரர் பெட்டியின் வாய்க்கு வலை இன்னும் கட்டவில்லை. பற்றரிதான் மிச்சம். உள்வீட்டுக்கு இருப்பவை இரண்டு ஆறு வோல்ற் கோல்ஃப் கார்ட் பற்றரி, நாரி முறியும் பாரம். முழுச் சார்ஜில் வயரைக் கழற்றி விட்டால் அங்கேயே இருக்கலாம். நிரம்பிய ஈய பற்றரி மைனஸ் 60 வரைக்கும் உறையாது, குளிரில் தானாக இறங்குவதும் மெதுவாகத்தான். இறங்கிப்போனதுதான் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்து வெடிக்கும். கழற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் களவு, குளிர் இல்லை. லிதியத்துக்கு மாறச் சொல்கிறார்கள், பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாத சாமானை இந்த ஊரில் வைத்து நான் என்ன செய்ய? ஹீற்றர் வைத்த வகையின் விலை இறங்கட்டும், பார்ப்போம்.

சனிக்கிழமை மைனஸ் ஐந்துக்கு மேலே நின்றால் வலையும் பற்றரியும். கிளிப் வந்தால் வால்வும்.