தொழில் வகைப்பாடு: எண்ணை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

பொருளாதாரப் புள்ளியியல் படிக்கிறவர்கள் பலர் பொருளாதார நடவடிக்கைகளை வகைவகையாகப் பிரித்துக் குறியீட்டு எண் தரும் சர்வதேசத் தரத் தொழில் வகைப்பாட்டை, அதாவது ஐஎஸ்ஐசியை, வெறும் மனப்பாடப் பகுதி என்று ஒதுக்கிக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் அதை முதலிலேயே எடுத்துப் படித்தேன். தேசியக் கணக்கு, வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு, உற்பத்திக் குறியீடு என்று பின்னால் வந்த பாடங்களெல்லாம் அதனால் சுலபமாகிவிட்டன. எது உதவியதோ அதை மட்டும் சொல்கிறேன்.

வரலாற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். ஐநா 1948இல் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. நான்காம் திருத்தம் 2008இல் வெளியானது, ஐந்தாம் திருத்தத்துக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் பாடத்திட்டம் எந்தத் திருத்தத்தைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான். நான் இங்கே தரும் எண்கள் நான்காம் திருத்தத்தைச் சேர்ந்தவை.

அதில் 21 பிரிவுகள், 88 உட்பிரிவுகள், 238 தொகுதிகள், 419 வகுப்புகள். பிரிவுக்கு ஆங்கில எழுத்து, மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு இலக்கங்கள். ஒரு நாடு இதற்கும் கீழே எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடு 2008, ஐந்தாவது இலக்கம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. மேலே கூட்டிக்கொண்டு வரும்போது பொதுச் சட்டகத்தில் பொருந்தவேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் ஒரு நாட்டின் உற்பத்தித் துறையை இன்னொரு நாட்டின் உற்பத்தித் துறையோடு ஒப்பிட முடியும்.

இனி முக்கியமான இடம். ஒரே நிறுவனம் பல வேலைகள் செய்தால் அதை எங்கே வைப்பது? அளவுகோல் விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) அல்ல, கூட்டப்பட்ட மதிப்பு, அதாவது உற்பத்தியின் மதிப்பிலிருந்து அதற்காக வாங்கிய பொருள், சேவைகளின் மதிப்பைக் கழித்தால் வருவது. வாங்கி விற்பவருக்கு விற்றுமுதல் பெரிதாகத் தெரியும், ஆனால் அவர் சேர்த்த மதிப்பு சிறிதாக இருக்கலாம். அந்த மதிப்பை வைத்து மேலிருந்து கீழே இறங்க வேண்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்: ஒரு நிறுவனத்தின் கூட்டப்பட்ட மதிப்பில் ஆடை தயாரிப்பு (1410) 30 சதவீதம், படுக்கை விரிப்பு, திரைச்சீலை தயாரிப்பு (1392) 25, துணிமணி மொத்த வியாபாரம் (4641) 45. மேலோட்டமாகப் பார்த்தால் 45தான் பெரியது, ஆகவே மொத்த வியாபாரம் என்று எழுதத் தோன்றும். ஆனால் முதலில் பிரிவைத் தீர்மானிக்க வேண்டும். உற்பத்திப் பிரிவு 30, 25 இரண்டும் சேர்ந்து 55, வியாபாரம் 45. ஆகவே இது உற்பத்தி நிறுவனம். அப்புறம் உற்பத்திக்குள் உட்பிரிவு 14க்கு 30, 13க்கு 25. விடை 1410. இந்த ஒரு கணக்கை எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பாடத்தின் பாதி கைக்கு வந்துவிடும்.

வகைப்பாடு எதைப் பார்ப்பதில்லை என்பதும் அதே அளவு முக்கியம். உடைமை யாருடையது, சட்ட வடிவம் என்ன, முறைசார்ந்ததா முறைசாராததா என்பதெல்லாம் கணக்கில் வராது. அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் 85தான், அதாவது கல்வி. கல்வித் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அலுவலகம் மட்டும் 84க்கு, அதாவது பொது நிர்வாகத்துக்குப் போகும். ஆடைத் தொழிற்சாலையின் சொந்த லாரியை ஓட்டும் ஓட்டுநரின் தொழில்துறை போக்குவரத்து அல்ல, ஆடை தயாரிப்பு. அந்தப் போக்குவரத்து துணை நடவடிக்கை, தனியாக வகைப்படுத்தப்படாது. அவர் ஓட்டுநர் என்பதைப் பதிவுசெய்ய வேறொரு வகைப்பாடு, ஒருவர் பார்க்கும் வேலையை வகைப்படுத்தும் ஐஎஸ்சிஓ, இருக்கிறது. தொழில்துறை வேறு, பார்க்கும் வேலை வேறு. கேள்வி கேட்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விளக்கக் குறிப்புகளில் 'இவை சேரா' என்று வரும் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எல்லைகள் அங்கேதான் தெளிவாகும். புத்தகம் அச்சடிப்பது 1811, உற்பத்தி. புத்தகம் பதிப்பிப்பது 5811, தகவல் துறை. ஒன்றைப் படிக்கும்போதே மற்றதையும் பக்கத்தில் எழுதி வைத்தால் இரண்டும் மறக்காது. நான் குறிப்பேட்டை இப்படி ஜோடி ஜோடியாகத்தான் நிரப்பினேன்.

பிரிவு எழுத்துகளைவிட இரண்டு இலக்க எண்களை நம்புங்கள். ஐந்தாம் திருத்தத்தில் தகவல் துறை இரண்டு பிரிவாகப் பிரிந்ததால் அதற்குப் பின்னால் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓரிடம் தள்ளிப்போயின. கல்வி 16ஆவது எழுத்திலிருந்து (P) 17ஆவது எழுத்துக்கு (Q) நகர்ந்தது. 85 என்ற எண் அப்படியேதான் இருக்கிறது.

தேர்வில் விடை எழுதும்போது இறுதி எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். பிரிவு, உட்பிரிவு, தொகுதி, வகுப்பு என்று ஒவ்வொரு நிலையிலும் கூட்டுத்தொகையைக் காட்டி, எதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நிலைக்கு இறங்குங்கள்.