வரவேற்பறைக் கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

தொலைக்காட்சிக்குக் கீழே ஒல்லியான பெட்டிக்குள் இருக்கும் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேடியதிலேயே ஒரு வாரம் கழிந்தது. விளையாடுபவர்கள் வேகத்தைப் பார்ப்பார்கள். படம் பார்க்க மட்டும் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, எந்தெந்த வீடியோ வடிவங்களை அந்தக் கார்டு தன் வன்பொருளிலேயே கையாளும் என்பதைத்தான்.

2017-இல் வந்த என்விடியாவின் ஜிடி 1030 கார்டு வெறும் 30 வாட்டில், விசிறியே இல்லாத வகையிலும் கிடைத்தது. எச்இவிசி என்ற வடிவில் சுருக்கப்பட்ட 4கே வீடியோக்களைச் சிரமமின்றி ஓட்டும். ஆனால் யூடியூபில் இப்போது பெருகியுள்ள ஏவி1 வடிவம் அதற்குத் தெரியாது என்பதால், அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். 2022-இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கும் ஏவி1 தெரியாது என்பதுதான் எனக்கு வியப்பு. இன்டெல் ஆர்க் ஏ310 ஏவி1-ஐக் கையாள்வதோடு, மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதையே வாங்கினேன்.

கார்டைப் பெட்டியோடு பிணைக்கும் முழு உயரத் தகட்டைக் கழற்றி அரை உயரத் தகட்டை மாட்டிய பிறகுதான் பெட்டி மூடியது. முதல் நாள் 4கே 60 ஹெர்ட்ஸில் திரை விட்டுவிட்டுக் கறுத்தது. கார்டைச் சந்தேகித்து அரை நாள் வீணானது. காரணம், பத்தாண்டுப் பழைய எச்டிஎம்ஐ கேபிள்.