இகுவானாவுக்கு இடம் பார்க்கப் போன கதை

முதலில் ஆட்டோக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். போய்வர 1,400 கேட்டார். பேசிப் பேசி 1,000க்கு இறக்கினேன். எம்.ஆர்.சத்திரம் தாண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்கிவிட்டு, "வெயிட்டிங் தனி சார், மணிக்கு 200" என்றார். அந்த இடத்தில் இறங்கி எங்கே போவது? கடலில்தான் இறங்க வேண்டும். சரி என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பாதி காலி. ஆக, முதல் அறிவுரை: பஸ்ஸில் போங்கள். செலவுக் கணக்கை ஒழுங்காகக் கடைசியில் தருகிறேன்.

இந்தப் பயணமே என் அக்கா மகனால் வந்தது. மூன்று வருடம் முன்பு மதுரையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு பச்சை இகுவானா வாங்கினான். ஓணான் மாதிரி இருக்கும், பெரிதாக வளர்கிற வெளிநாட்டுப் பல்லி. பில் கிடையாது, காகிதம் கிடையாது. வாங்கும்போது உள்ளங்கையில் உட்காரும் சைஸ். 'ராஜா' என்று பெயர் வைத்தான். போன வருடம் ராஜா முப்பது முட்டை போட்டது. துணையில்லாமல் போட்ட முட்டை, பொரியவில்லை. இப்போது வாலோடு சேர்த்து நாலடி. மொட்டை மாடியில் அக்கா வளர்த்த செம்பருத்தி அத்தனையும் அதன் வயிற்றில். "இந்த வீட்டில் ஒன்று அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்று அக்கா சொன்ன பிறகு, பயலுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் அப்பத்தா ஊர் ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளிப் பக்கம். "அங்க நல்ல வெயில், மரம் மட்டை இருக்கு, கடல் இருக்கு. அங்கேயே விட்டுட்டா ராஜா நிம்மதியா இருக்கும்ல மாமா?"

எனக்கு அப்போது பெரிய கருத்தெல்லாம் இல்லை. தனுஷ்கோடியில் பூநாரை பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2025 ஜூனில் அங்கே 524 ஹெக்டேர் சொச்சத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததிலிருந்து அரிப்பு கூடிவிட்டது. "முதல்ல இடத்தைப் பாப்போம் மாப்ள, ராஜா வீட்டிலேயே இருக்கட்டும்" என்று கிளம்பினோம். பங்குனி மாதம். மதுரையிலிருந்து ஒரு தனியார் பஸ், கடைசி சீட். மானாமதுரை வரை முட்டி முன்சீட்டில் இடித்தது, பரமக்குடிக்குப் பிறகு உணர்ச்சியே போய்விட்டது. தூங்க முடியாததால் போனில் இகுவானாவைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தேன். ராமநாதபுரம் வருவதற்குள் எனக்குக் கருத்து வந்துவிட்டது: ராஜாவை வெளியே விடவே கூடாது.

சன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் சீமைக்கருவேலம். இதுவும் வந்ததுதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து. விறகுக்கு ஆகும் என்று பரப்பினார்கள். கண்மாய்க்குள் புகுந்தது, தரிசுக்குள் புகுந்தது, இன்று வெட்டி மாளவில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இங்கே இருப்பதால், வெட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் முடியவில்லை. இகுவானாவின் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை. அதாவது கருவேலத்துக்குப் பக்கத்து வீடு. "ராஜாவுக்கு ஊர்க்காரத் துணை தயாராத்தான் இருக்கு" என்றேன். பயல் சிரிக்கவில்லை.

சத்திரத்தில் ஆட்டோக்காரர் டீ குடிக்க இறங்கினார். (அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் 200.) நான் மணலில் இறங்கி நடந்தேன். ராவணன் மீசை என்று ஒரு புல், குத்தினால் ரத்தம் வரும், பந்து பந்தாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த சாணித் துண்டு மேல் ஏதோ நிமிர்ந்து நின்றது. சுண்டுவிரல் நீள உடம்பு, அதைவிட நீண்ட வால், மணல் நிறம். நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. திடீரென்று கழுத்தடித் தோல் விசிறி மாதிரி விரிந்தது. வெளிறிய தோல், நடுவில் நீலம் ஓடியது. விரித்தது, சுருக்கியது, மறுபடி விரித்தது. இரண்டடி தள்ளி இன்னொன்று வந்ததும், இரண்டு பின்காலில் எழுந்து ஓடியது பாருங்கள், சின்னப் பிள்ளை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி.

விசிறித்தொண்டை ஓணான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்காலில் நாலே விரல். மற்ற ஓணானுக்கு ஐந்து. தென் தமிழகத்தில் இந்த இனத்தில் ஒன்றுக்கு 2016இல் 'சிட்டானா மருதம்நெய்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வயலும் கடற்கரையும். சங்கத் திணை ஒரு ஓணானின் அறிவியல் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நமக்கோ ஓணான் என்றாலே கல்லெடுக்கத்தான் கை போகிறது. ராமர் தாகத்தில் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதையைச் சொல்லி எத்தனை ஓணானைச் சின்ன வயதில் அடித்திருக்கிறோம். எனக்கே கணக்கில்லை.

"இத்துனூண்டா இருக்கு" என்றான் பயல். ஆமாம், அதுதான் விஷயம். முட்டையை இந்த மணலில் பறித்து வைக்கும். இதே மணலில் கொஞ்ச தூரத்தில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. வனத்துறை முட்டைகளை எடுத்து வந்து, வலை அடைத்த பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. வலைக்கு வெளியே நின்று பார்த்தேன். வெறும் மணல், வரிசையாகக் குச்சிகள், குச்சியில் அட்டை. அடியில் ஒவ்வொரு குழியிலும் நூறு முட்டை போல இருக்கும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரியும். வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாய் படுத்திருந்தன. நாய்க்கே இவ்வளவு காவல்.

அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் இந்த முட்டை திருடுகிற வேலைக்கு வேறொரு பல்லி இருக்கிறது. டெகு என்று பெயர், அர்ஜென்டினா பக்கத்து இனம், நாலடி வளரும், அங்கேயும் செல்லப்பிராணியாகப் போய்த்தான் வெளியே வந்தது. முதலைக் கூட்டிலேயே நுழைந்து முட்டையைத் தூக்குவதைக் கேமராவில் பிடித்திருக்கிறார்கள். நம் உடும்பும் ஆமை முட்டை தின்னும்தான். ஆனால் உடும்பும் ஆமையும் ஆயிரமாயிரம் வருடமாக ஒன்றையொன்று அறிந்தவை. டெகு நேற்று வந்தது. அதைக் குறைக்க முட்டையையே இரையாக வைத்துக் கூண்டுப்பொறி போடுகிறார்கள். கூண்டுக்கு ஆள், வண்டிக்கு எண்ணெய், வருடா வருடம். 2021இல் டெகுவையும் பச்சை இகுவானாவையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டின கதை.

"ராஜா முட்டையெல்லாம் தின்னாது மாமா, சுத்த சைவம்" என்றான். உண்மைதான், பெரும்பாலும் இலை தழைதான். ஆனால் சைவத்தால் கேடு வராது என்று யார் சொன்னது? அதே ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுகளில் மயாமி நீலம் என்று ஒரு பட்டாம்பூச்சி, அழிவின் விளிம்பில் இருப்பது. அது முட்டை வைக்கிற செடியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: நம் கழற்சிக்காய்ச் செடி. பல்லாங்குழிக்கு எடுப்போமே, அதுதான். கொழுந்தை இகுவானா மேய்ந்தது, கொழுந்தோடு பூச்சியின் முட்டையும் போயிற்று. போதாததற்கு வாய்க்கால் கரையிலும் கடற்சுவர் அடியிலும் வளை தோண்டிச் சுவரைச் சாய்க்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. 1995இல் கரீபியனில் ஒரு பெரும்புயல். வேரோடு விழுந்த மரங்கள் கடலில் மிதந்து போயின, அதன் மேல் இகுவானாக்கள். அங்குவிலா என்கிற தீவில் குறைந்தது 15 கரை இறங்கின. அதற்கு முன் அங்கே பச்சை இகுவானாவே கிடையாது. அந்தப் பக்கத் தீவுகளுக்கென்று சொந்தமாக ஓர் இகுவானா இனம் உண்டு. வந்தது அதோடு கலந்து இனம் பெருக்கி, இன்று சொந்த இனம் கலப்பில் கரைந்துகொண்டிருக்கிறது.

இதை நான் எங்கே நின்று சொன்னேன் தெரியுமா? 1964 டிசம்பர் புயல் விழுங்கிய தேவாலயத்தின் சுவர் பக்கத்தில். ரயிலையே கொண்டுபோன கடல் அது. மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக வைத்திருக்கும் தீவுகள் 21, மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை. அந்தப் பக்கம் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள். நாலடி இகுவானா நன்றாக நீந்தும். உச்சிப்புளியில் விட்டால் உச்சிப்புளியிலேயே இருக்க அதற்கு என்ன ஆதார் கார்டா இருக்கிறது?

"ஒத்தப் பொட்டை, அது என்ன பண்ணிடும்?" என்றான். "உன்னை மாதிரியே இன்னொரு புத்திசாலி ஒரு ஆணைக் கொண்டுவந்து விட்டான்னா?" என்றேன். அதற்குப் பதில் இல்லை.

பூநாரை? பார்த்தோம், ஐயா, பார்த்தோம்! தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு, அது எழுந்து பறந்தபோது இறக்கைக்குள் ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் திறந்தன. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. ஆட்டோவுக்கும் வெயிட்டிங்குக்கும் கொடுத்த 1,000 + 400 ரூபாயில் 600 ரூபாய் இதற்கே தகும்.

மதியம் ஓலைக்கொட்டகை ஒன்றில் சாப்பாடு. காலையில் பிடித்த விளைமீனை எதிரிலேயே கீறி, இந்த ஊர் முண்டு மிளகாயும் உப்பும் அரைத்துத் தடவி, இரும்புக்கல்லில் போட்டுத் தந்தார் கொட்டகைக்கார அக்கா. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய். காரம் நாக்கில் நிற்காமல் காதில் போய் நிற்கிறது. இரண்டு துண்டு, சோறு, குழம்பு, ஒரு ஆளுக்கு 180. தண்ணீர் கேட்டோம். கொட்டகைக்குப் பின்னால் மணலில் தோண்டின ஊற்றில் மொண்டு தந்தார். கடலுக்கு ஐம்பதடியில் நல்ல தண்ணீர். ராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடு என்கிறவர்கள் அந்தச் செம்பைக் குடித்துப் பார்க்கட்டும்.

அவரிடம் கடற்பாசி பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொந்தக்காரப் பெண்கள் மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கப்பாஃபைகஸ் பாசி வளர்க்கிறார்களாம். வெளியிலிருந்து கொண்டுவந்த பாசி அது. 2008இல் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் அது படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதிலிருந்து வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிய்க்கிறது. பிய்க்கும்போது உடைந்த துண்டிலிருந்தே மறுபடி தழையும். அதில் சம்பாதித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற பெண்ணிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் இகுவானாவுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அது யாருக்கும் கஞ்சி ஊற்றப்போவதில்லை.

ரொம்பப் பெருமையும் வேண்டாம். வெளிநாட்டுப் பல்லியைத் திட்டிக்கொண்டிருந்தவன், நம் சொந்த ஓணான் சிங்கப்பூரில் என்ன செய்கிறது என்று படித்ததும் அடங்கிப்போனேன். 1980களில் அங்கே நுழைந்த நம் சாதாரணத் தோட்டத்து ஓணான், அந்த ஊரின் பச்சைக் கொண்டை ஓணானைத் தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் தள்ளிவிட்டது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லி பசிபிக் தீவுகளில் செய்வதும் இதே வேலைதான். இங்கே சாது, அங்கே சண்டியர்.

சாயங்காலம் உச்சிப்புளிக்குத் திரும்பி அப்பத்தா வீடு. போனில் ராஜாவின் படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதையாடா இங்க கொண்டாந்து விடப்போற?"

"ஆமா அப்பத்தா."

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னு அழுதவன் கதையால்ல இருக்கு." என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லக் கூடாதா தம்பி?"

"காலையிலேர்ந்து அதைத்தான் அத்தை சொல்லிக்கிட்டு வர்றேன்." ஒரு நாள் முழுக்க ஃபுளோரிடா, அங்குவிலா என்று நான் கத்தியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் இன்னொன்றையும் போட்டேன். கரீபியனில் கிராண்ட் கேமன் என்கிற குட்டித் தீவில் 2018இல் ஆள் வைத்து வேட்டையாட ஆரம்பித்து, பத்து லட்சத்துக்கும் மேல் பச்சை இகுவானாவைக் கொன்றிருக்கிறார்கள். கொன்ற கணக்குக்குக் கூலி. கொன்றவனுக்கும் அது நல்ல வேலையாக இருந்திருக்காது. "அங்க செத்த பத்து லட்சமும் ராஜா மாதிரி நாலஞ்சு ராஜாவுல ஆரம்பிச்சதுதான் மாப்ள" என்றேன். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பாவம், பிரியமாக வளர்த்தவன்தானே.

ஆக, விடுவது கிடையாது என்று முடிவாயிற்று. பிறகு என்ன செய்வது? 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, அயல்நாட்டு ஊடுருவும் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சட்டத்தில் வந்துவிட்டது. 2024இல் வந்த விதிப்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் உண்டு. பில்லே தராமல் 9,000 வாங்கினவன் இதையெல்லாம் சொல்லுவானா? திங்கட்கிழமை மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதாகப் பயல் ஒப்புக்கொண்டான். நானும் கூடப் போகிறேன், தனியாக விட்டால் வழியில் மனசு மாறிவிடும்.

செலவுக் கணக்கு என்று சொன்னேன் அல்லவா. ஆட்டோ 1,400, சாப்பாடு 360, பஸ் இரண்டு பேருக்கும் போகவர 700க்குள், டீ, இளநீர் வகையறா எழுதி வைக்கவில்லை. அப்பத்தா வீட்டில் தங்கியதால் லாட்ஜ் மிச்சம். ஆட்டோவை விட்டிருந்தால் ஆளுக்கு 600இல் முடிந்திருக்கும், அது இன்னும் உறுத்துகிறது.

திரும்பும்போது பரமக்குடி தாண்டியதும் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ராஜா, வாயோரத்தில் செம்பருத்தி மொட்டு பாதி தொங்குகிறது. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இடம் கிடைச்சுதா இல்லையாடா?"